பதினான்காம் பக்கம்

மூன்றரை மணிக்கே இருட்டிவிடும்.
தார்த்து நகரத்தின் டிசம்பரில்
பகல் ஒரு சில்லறைக் காசு,
எண்ணி முடிப்பதற்குள் செலவாகியிருக்கும்.
வீட்டில் எழுத வரவில்லையென்று
பாலத்துக்கு எதிரே இந்தக் காப்பிக் கடைக்கு வருகிறேன்,
அக்டோபரிலிருந்து.
இங்கேயும் வரவில்லை.

என் கதையில் ஒருவன்
கதவுக் குமிழில் கைவைத்தபடி நிற்கிறான்.
பதினான்காம் பக்கம்.
போன பனிக்கு முன்னாலிருந்தே நிற்கிறான்.

சன்னலோரம் ஒருத்தி
ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து
வரிசையாக வைக்கிறாள், தின்பதில்லை.
கண் கைபேசியில்.
மருத்துவ மாணவன் ஒருவன்
மணிக்கட்டு எலும்புகள் எட்டின் பெயரையும்
தன் மணிக்கட்டுக்கே சொல்லிக்கொடுக்கிறான்,
ஆறாவதில் இடறி
மறுபடி முதலிலிருந்து.

எனக்குப் பின்னால் திரைச்சீலை பற்றி ஒரு சண்டை.
எங்கள் ஊர்ச் சண்டை, அதாவது
நான்கு நிமிடத்துக்கு ஒரு வாக்கியம்.
"சாம்பல் நிறம் என்றுதானே சொன்னாய்."
பால் நுரைக்கும் இயந்திரம் சீறி அடங்குகிறது.
"சாம்பலில் எத்தனையோ சாம்பல்."
அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருக்கிறேன்,
என்னுடையதற்கல்ல,
அவர்களுடையதற்கு.

கல்லாவிலிருந்து தாவி கூவுகிறான்:
"ஊர்வே!"
யாரும் எழவில்லை.
"ஊர்வே!"
கோப்பை ஆறுகிறது.
நானே போய் வாங்கிக்கொண்டால் என்ன?
ஊர்வேக்கு எழுத வருமோ என்னவோ.

ஐந்து மணிக்குத் தோற்று எழுந்தேன்.
வாசல் கொக்கிகளில் இருபது கறுப்புக் கோட்டுகள்,
உருகிய பனி சொட்டச் சொட்ட.
என்னுடையது இல்லை.
என்னுடையதைப் போல ஒன்று இருந்தது.
போட்டுப் பார்த்தேன்,
கை நீண்டு என் விரல்களை விழுங்கியது.
பையில் பாதி கேரட்,
பச்சை நூல் கட்டிய ஒரு சாவி,
போன வியாழனோடு முடிந்துபோன
பல் மருத்துவர் சீட்டு.
சீட்டில் பெயர்: ஊர்வே.
தாவி ஆறிய கோப்பையைப் பார்த்தான்.

என் கோட்டுப் பையில் என்ன இருந்தது என்று கேட்டான்.
பதினான்கு பக்கங்கள், நான்காய் மடித்தவை.
மேசைக்குக் கொண்டுபோனால்
திருத்திக்கொண்டே இருப்பேனென்று
கொக்கியிலேயே விட்டிருந்தேன்.
"போலீஸுக்குச் சொல்லவா?"
சாவி இங்கே இருக்கிறது, வருவாள் என்றேன்.
உட்கார்ந்தேன்.
எழுதாமலிருக்க
முதன்முதலாக ஒரு நியாயமான காரணம்.

ஆறரைக்கு வந்தாள்.
மூக்கு சிவந்திருந்தது, ஐம்பது வயதிருக்கும்.
என் கோட்டின் கைக்கு வெளியே
அவள் மணிக்கட்டுகள் இரண்டும் குளிரில்.
"மகனுக்குப் பதில் அனுப்பிக்கொண்டே கிளம்பிவிட்டேன்."
அவ்வளவுதான் மன்னிப்பு.
பிறகு,
"மாடிப்படி விளக்கடியில் உட்கார்ந்து படித்தேன்,
வேறென்ன செய்வது?
அவன் ஏன் திறக்கவே இல்லை?"

தெரியவில்லை என்றேன்.

"நானும் என் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
சாவி இல்லையென்று தெரிந்த பிறகும்
குமிழைத் திருகிக்கொண்டே இருந்தேன்.
உள்ளே என் பூனை
அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது.
உங்கள் ஆளுக்கு
உள்ளே யாரும் இல்லையா?"

இத்தனை நாளும்
நான் அவனோடு வெளியேதான் நின்றிருந்தேன்.
கதவுக்கு மறுபக்கம் உண்டென்று
எனக்குத் தோன்றவே இல்லை.

கோட்டுகளை மாற்றிக்கொண்டோம்.
என்னுடையது அவள் சூட்டோடு இருந்தது.
தாவி புதிதாக ஒரு காப்பி போட்டு
"ஊர்வே" என்றான், கூவாமல்,
அரை முழ தூரத்திலிருந்து.
அவளுக்குக் கேட்கவில்லை.
மகன் பதில் அனுப்பியிருந்தான்.

நான் உட்கார்ந்து எழுதினேன்:
உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது.
அவன் கை குமிழிலிருந்து சற்றே

பின்னாலிருந்து ஒரு குரல்:
"சரி. வெள்ளை."

திரும்பிப் பார்த்துவிட்டேன்.